கிருபை முந்தியது, பரிசுத்தம் அதைத் தொடர்வது: நீலகிரிச் சபைகளில் புதிதாகச் சேர்ந்தோருக்கு ஒரு நடைமுறை வழிகாட்டி

குன்னூர், கோத்தகிரி, கூடலூர் வட்டாரங்களில் ஏதேனும் ஒரு சபையில் புதிதாகச் சேர்கிறவர்களின் காதில் முதல் சில வாரங்களிலேயே இருவகைப் பேச்சு விழுந்துவிடும். "கிருபைக்குள் வந்துவிட்டீர்கள், இனி எதற்கும் அஞ்ச வேண்டாம்" என்பது ஒன்று. "இனி சினிமா கூடாது, நகை கூடாது, ஓய்வுநாளில் கடை திறக்கக் கூடாது" என்பது மற்றொன்று. இரண்டையும் சொல்கிறவர்கள் வேதவசனத்தைக் காட்டியே சொல்வதால், எதைப் பிடித்துக்கொள்வது என்பதே புதியவருக்கு விளங்காமற்போகிறது. சிலர் முதற்பேச்சை மட்டும் எடுத்துக்கொண்டு பழையபடியே வாழ்கிறார்கள். சிலர் இரண்டாம் பேச்சைச் சுமந்து சுமந்து, சில ஆண்டுகளில் களைத்துப்போய்ச் சபையைவிட்டே விலகிவிடுகிறார்கள்.

கிருபையும் பரிசுத்த வாழ்வும் எப்படி இணைகின்றன என்பதை, அன்றாடத்துக்கு உதவும் வகையில், படிப்படியாக இங்கே எழுதியிருக்கிறேன். ஞானஸ்நானத்துக்கும் திடப்படுத்தலுக்கும் ஆயத்தப்படுத்தும் வகுப்புகளில் பல வயதினரோடும் உட்கார்ந்து பேசியதிலிருந்து திரண்டவை இவை. நான் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவன் என்பதால், வசனங்களை எங்கள் ஆராதனைகளில் வாசிக்கும் பழைய வேதாகம மொழிபெயர்ப்பின்படியே தருகிறேன். கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தவர்கள் கிருபை என்று வரும் இடமெல்லாம் அருள் என்று வாசித்துக்கொள்ளலாம்.

படி 1: முதலில் வரிசையைக் கற்றுக்கொள்ளுங்கள்

முதல் வாரத்தில் எந்தப் பழக்கத்தையும் அவசரமாக மாற்ற முயல வேண்டாம். வேதாகமத்தில் நான்கு பகுதிகளை, நாளுக்கு ஒன்றாக, மெதுவாக வாசியுங்கள்: யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தின் தொடக்கம், லூக்கா 19:1-10, யோவான் 8:1-11, எபேசியர் 2:1-10. வாசிக்கும்போது ஒரே ஒரு கேள்வியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: இங்கே எது முந்தி நடக்கிறது, எது பிந்தி நடக்கிறது?

பத்துக் கட்டளைகள் "செய்யாதே" என்று தொடங்குவதாகவே நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். ஆனால் முதற்கட்டளைக்கு முன்னால், "உன்னை அடிமைத்தன வீடாகிய எகிப்து தேசத்திலிருந்து புறப்படப்பண்ணின உன் தேவனாகிய கர்த்தர் நானே" என்ற அறிவிப்பு நிற்கிறது. செங்கடலைக் கடந்த வரலாறு 14ஆம் அதிகாரத்தில் வருகிறது; கட்டளைகள் 20ஆம் அதிகாரத்தில்தான் வருகின்றன. இஸ்ரவேலர் கட்டளைகளைக் கைக்கொண்டதற்குப் பரிசாக விடுதலை கிடைக்கவில்லை. விடுதலை பெற்றவர்கள் எப்படி வாழ வேண்டும் என்பதே கட்டளைகளில் சொல்லப்பட்டது. எரிகோவின் ஆயக்காரர் (வரி வசூலிப்போர்) தலைவனாகிய சகேயுவிடமும் இயேசு, "இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்று முதலில் சொல்கிறார். ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துவதாகவும் சகேயு சொல்வது அதற்குப் பிறகு. விபசாரத்தில் பிடிபட்ட ஸ்திரீயிடம், "நானும் உன்னை ஆக்கினைக்குள்ளாகத் தீர்க்கிறதில்லை" என்பது முந்தியும், "நீ போ, இனிப் பாவஞ்செய்யாதே" என்பது பிந்தியும் வருகின்றன. இரண்டாவதை முதலாவதாக வைத்துப் படித்தால் அது வேறொரு மதமாகிவிடும். இரண்டாவதை வெட்டிவிட்டால் இயேசு சொன்னதில் பாதி போய்விடும்.

எபேசியர் நிருபத்தில், "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்" என்ற எட்டாம் வசனத்தையும், கிரியைகளினால் உண்டானதல்ல என்ற ஒன்பதாம் வசனத்தையும் மனப்பாடமாகச் சொல்கிறவர்கள் நம் சபைகளில் ஏராளம். நற்கிரியைகளைச் செய்கிறதற்கு நாம் கிறிஸ்து இயேசுவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறோம் என்ற பத்தாம் வசனத்தைத் தொடர்ந்து சொல்கிறவர்கள் குறைவு. மூன்றையும் சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள்.

படி 2: நீங்கள் எந்தப் பக்கம் சாய்கிறீர்கள் என்று பாருங்கள்

தை மாதத்து உறைபனியில் உருளைக்கிழங்குப் பயிர் கருகிப்போனால், "இரண்டு வாரமாக ஆராதனைக்குப் போகவில்லை, அதற்குத்தான் இந்தத் தண்டனை" என்று உங்கள் மனம் உடனே சொல்கிறதா? அப்படியானால் தேவனுடைய தயவை நடத்தையால் சம்பாதிக்க வேண்டும் என்ற எண்ணம் உங்களுக்குள் வேரூன்றியிருக்கிறது. கலாத்தியா நாட்டுச் சபைகளுக்குப் பவுல் எழுதிய கடிதம் உங்களுக்குரியது, "ஆவியினாலே ஆரம்பம்பண்ணின நீங்கள் இப்பொழுது மாம்சத்தினாலே முடிவுபெறப்போகிறீர்களோ?" என்று மூன்றாம் அதிகாரத்தில் அவர் கடிந்துகொள்வதை வாசியுங்கள்.

மாறாக, ஒரு தவற்றைச் செய்வதற்கு முன்பே, "சாயங்காலம் ஜெபித்து மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம்" என்று மனம் கணக்குப் போடுகிறதா? அதற்கும் பவுல் பதில் சொல்லியிருக்கிறார்: "கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாம் என்று சொல்லுவோமா? கூடாதே." ரோமர் 6ஆம் அதிகாரம் முழுவதும் அந்தக் கேள்விக்கான விளக்கமாகவே செல்கிறது. தேவனுடைய கிருபையைக் காமவிகாரத்துக்கு ஏதுவாகப் புரட்டுகிறவர்களை யூதாவின் நிருபம் நான்காம் வசனத்திலேயே கண்டிக்கிறது. ஆக, இந்தத் திரிப்பு இக்காலத்துப் பிரசங்கிகள் கொண்டுவந்ததன்று. சபை தோன்றிய தலைமுறையிலேயே இருந்திருக்கிறது.

ஒரே ஆளிடம் இரண்டு சாய்வும் இருப்பதுண்டு. பணத்தில் மிகவும் கண்டிப்பாக இருக்கிறவர் நாவில் கட்டுப்பாடில்லாமல் இருப்பார்.

பொருத்தனையை, அதாவது நேர்ச்சையைப் பற்றி இங்கே சொல்லிவிடுவது நல்லது. உதகையின் காந்தல் குருசடிக்கும் தோட்டங்களில் உள்ள சிற்றாலயங்களுக்கும் நேர்ச்சையோடு போகிறவர்கள் உண்டு; எங்கள் சபைகளிலும் பொருத்தனைக் காணிக்கை உண்டு. "மகளுக்கு வேலை கிடைத்தால் இவ்வளவு தருகிறேன்" என்று பேரம் பேசுவது கிருபையின் வழக்கமன்று. சங்கீதம் 116இல் பாடுகிறவர், "கர்த்தர் எனக்குச் செய்த எல்லா உபகாரங்களுக்காகவும், அவருக்கு என்னத்தைச் செலுத்துவேன்" என்று, பெற்றுக்கொண்ட பின்னர் கேட்கிறார். அறுப்பின் பண்டிகையன்று பீடத்தின்முன் கேரட்டும் முட்டைக்கோசும் குவிக்கப்பட்டு ஏலம் விடப்படும்போது நாம் செய்வதும் அந்த நன்றிச் செயலே. நேர்ச்சையை விட்டுவிடச் சொல்லவில்லை. கொடுக்கும் கை கடன் தீர்க்கிறதா, நன்றி சொல்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: உங்கள் சபை என்ன கற்பிக்கிறது என்று கேட்டறியுங்கள்

மலையில் பல சபைகள் அருகருகே இருக்கின்றன; வீட்டுக்கூட்டங்களில் அவர்கள் கலந்தும் உட்காருகிறார்கள். ஆகவே சொற்கள் குழம்பும். கிறிஸ்துவினிமித்தம் தேவன் ஒருவரை நீதிமானாக ஏற்றுக்கொள்வதையும், அப்படி ஏற்றுக்கொள்ளப்பட்டவர் வாழ்நாள் முழுவதும் பரிசுத்தமாக்கப்படுவதையும் புராட்டஸ்டண்டு சபைகள் பிரித்துப் பேசுகின்றன. பிரித்தாலும், முதலாவது இருக்கும் இடத்தில் இரண்டாவதும் இருக்கும் என்கின்றன. கத்தோலிக்கத் திருச்சபை, திருமுழுக்கில் பொழியப்படும் அருளே மனிதரை உள்ளாகப் புதுப்பித்து நீதியுள்ளவராக்குகிறது என்றும், அந்த அருளோடு மனிதர் ஒத்துழைக்க வேண்டும் என்றும் கற்பிக்கிறது. அத்திருச்சபையின் ஆயர்கள் கூடிய திரிதெந்து பொதுச்சங்கம் 1547இல் இதை விரிவாக வரையறுத்தது. ஆவிக்குரிய (பெந்தெகொஸ்தே) சபைகள் பல, பரிசுத்த ஆவியின் நிறைவை ஒரு தனி அனுபவமாக எதிர்பார்க்கச் சொல்கின்றன.

1947 செப்டம்பர் 27 அன்று உருவான தென்னிந்தியத் திருச்சபையில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் ஓடைகள் ஒன்றுசேர்ந்திருப்பதால், ஒரே பிரசங்க பீடத்திலிருந்து சற்று வெவ்வேறான அழுத்தங்களைக் கேட்பீர்கள். அதைக் கண்டு மலைக்க வேண்டாம். 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் லுத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் கையெழுத்திட்ட கூட்டறிக்கை, நம் தகுதியால் அல்லாமல் கிருபையினாலேயே தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்றும், அந்தக் கிருபையே நம்மைப் புதுப்பித்து நற்செயல்களுக்கு அழைக்கிறது என்றும் ஒருமித்துச் சொல்கிறது. 2006இல் மெதடிஸ்டுச் சபைகளும் 2017இல் சீர்திருத்தச் சபைகளின் உலக ஐக்கியமும் அதில் இணைந்தன. நானூறு ஆண்டுகளுக்கு மேல் சண்டையிட்டவர்களே இவ்வளவுக்கு ஒத்துப்போகும்போது, பக்கத்துச் சபைக்காரரோடு வாக்குவாதம் செய்து உங்கள் முதலாண்டைக் கழிக்க வேண்டியதில்லை.

படி 4: கிருபை வந்துசேரும் வழிகளில் தினமும் நில்லுங்கள்

வேதவாசிப்பு, ஜெபம், திருவிருந்து, விசுவாசிகளின் ஐக்கியம் ஆகிய நான்கையும் கிருபையின் சாதனங்கள் என்று சபை அழைத்துவந்திருக்கிறது. கொழுந்து பறிக்கவோ தொழிற்சாலைக்கோ போகிறவர்களுக்குக் காலையில் நீண்ட நேரம் கிடைக்காது. மார்கழிக் குளிரில் நான்கு மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் ஜெபிக்க வேண்டும் என்று சொல்லும் புத்தகங்களை நம்பி, ஒரு வாரம் செய்துவிட்டு விட்டுவிடுவதைக் காட்டிலும், அடுப்பு மூட்டியபின் ஒரு சங்கீதமும் கர்த்தருடைய ஜெபமும் சொல்லிவிட்டுப் புறப்படுவது நிலைக்கும். இரவில் வீட்டாரோடு ஒரு கீர்த்தனையும் ஒரு பகுதி வாசிப்பும் போதும். திருவிருந்து ஆராதனையைத் தவறவிடாதீர்கள்; அங்கே நீங்கள் வெறுங்கையோடு போய்ப் பெற்றுக்கொண்டு வருகிறீர்கள், வேறெதுவும் செய்வதில்லை. கிருபை என்றால் என்ன என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் பிரசங்கத்தை நான் கேட்டதில்லை.

இந்தச் சாதனங்கள் எப்படி வேலை செய்கின்றன என்பதற்கு, மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் வாழ்க்கை நல்ல பாடம். ஆக்ஸ்போர்டில் அவரும் நண்பர்களும் ஒழுங்காக உபவாசித்தார்கள், சிறைச்சாலைகளுக்குப் போனார்கள், ஏழைகளுக்குக் கொடுத்தார்கள். 1735இல் கப்பலேறி அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்கு ஊழியத்துக்கும் போனார். அத்தனை செய்தும் மனத்தில் நிச்சயமில்லை. 1738 மே 24 அன்று மாலை, லண்டன் ஆல்டர்ஸ்கேட் வீதியில் நடந்த ஒரு கூட்டத்தில், ரோமர் நிருபத்துக்கு லுத்தர் எழுதிய முன்னுரை வாசிக்கப்பட்டபோதே, "கிறிஸ்து என் பாவங்களையும் எடுத்துப்போட்டார்" என்ற நம்பிக்கை அவருக்குப் பிறந்தது. கவனிக்க வேண்டியது அதற்குப் பிறகு நடந்தது: அவர் உபவாசத்தையும் சிறைச் சந்திப்பையும் விட்டுவிடவில்லை. முன்பு எதை அடைவதற்காகச் செய்தாரோ, அது கையில் இருக்கிறது என்று தெரிந்தபின் அதே காரியங்களைச் செய்தார். 1742இல் தொடங்கி, பன்னிரண்டு பேரளவில் வாரந்தோறும் கூடும் சிறு குழுக்களை அமைத்து, மற்றவர்களையும் அந்த ஒழுங்கில் சேர்த்தார்.

தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைக் கவாத்தைக் கொண்டு சொல்லலாம். கவாத்து செய்வதால் ஒரு செடி தேயிலைச் செடியாவதில்லை. நட்ட நாளிலிருந்தே அது தேயிலைச் செடிதான், அதனாலேயே நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்துக் கத்தி அதன்மேல் விழுகிறது. வெட்டாமல் விட்ட செடி மரமாக உயர்ந்து, கைக்கெட்டும் கொழுந்து இல்லாமல் நிற்கும். கவாத்து முடிந்த தோட்டம் சில வாரங்களுக்குக் குச்சிகளாக, பட்டுப்போனதுபோலத் தோன்றினாலும், விவசாயி கலங்குவதில்லை. யோவான் 15இல் இயேசு திராட்சக்கொடியைக் குறித்துச் சொல்லும்போது, கனிகொடுக்கிற கொடியையே பிதா சுத்தம்பண்ணுகிறார் என்கிறார். கண்டித்துத் திருத்தப்படும் காலத்தில், "நான் தள்ளப்பட்டேன்" என்று எண்ணுகிறவர்கள் அந்த வசனத்தை எடுத்துப் பார்க்க வேண்டும்.

படி 5: ஒரு காரியத்தை மட்டும் தேர்ந்தெடுங்கள்

"இனிமேல் பரிசுத்தமாக வாழ்வேன்" என்ற பொதுத் தீர்மானம் ஒரு வாரத்தைத் தாண்டுவதில்லை. எந்த இடத்தில், யாரிடம், எதை மாற்றப்போகிறீர்கள் என்று சொல்ல முடிந்தால்தான் அது தீர்மானம். அதற்கு லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தைவிட நல்ல துணை இல்லை. புதியவர்கள் பயந்து ஒதுக்கும் புத்தகம் அது. ஆயினும் "நான் பரிசுத்தர், ஆகையால் நீங்களும் பரிசுத்தராயிருங்கள்" என்று தொடங்கும் இந்த அதிகாரம் பரிசுத்தத்தை எங்கே தேடுகிறது என்று பாருங்கள். வயலின் ஓரத்தைத் தீர அறுக்காமல் எளியவனுக்கு விடுவது, கூலிக்காரனுடைய கூலியை விடியற்காலம்வரை வைத்துக்கொள்ளாதிருப்பது, செவிடனை நிந்தியாதிருப்பது, கோள்சொல்லித் திரியாதிருப்பது, அந்நியனை ஒடுக்காதிருப்பது, அளவிலும் நிறையிலும் படியிலும் அநியாயம் செய்யாதிருப்பது. தராசைப் பற்றிய கட்டளைக்குக் காரணம் சொல்லும்போதும், "எகிப்து தேசத்திலிருந்து புறப்படப்பண்ணின" தேவன் என்றே மீண்டும் சொல்லப்படுகிறது. உங்களை விடுவித்த கிருபை உங்கள் தராசின் தட்டுவரைக்கும் வருகிறது.

நம் மலையில் தராசு எங்கே இருக்கிறது என்று சொல்லத் தேவையில்லை. பசுந்தேயிலை எடை போடும் இடத்தில், சாக்கின் எடைக்கும் ஈரத்துக்கும் கழிப்பதாகச் சொல்லி நியாயத்துக்கு மேல் கழிக்கிறவர் ஒருபுறம். மூட்டையின் அடியில் முற்றிய இலையையும் மேலே கொழுந்தையும் வைத்துக் கட்டுகிறவர் மறுபுறம். இருவரும் ஒரே சபையில், ஒரே வரிசையில் உட்கார்ந்து திருவிருந்து பெறக்கூடும். நீலகிரித் தைலத்தில் கலப்படம், சீசன் காலத்தில் வெளியூர்க்காரரிடம் மட்டும் கூடுதல் வாடகை, அனுமதி பெறாமல் நடத்தும் விடுதி, வேலைக்கு வந்த வடமாநிலத் தொழிலாளிக்குக் குறைத்துக் கொடுக்கும் கூலி என்று பட்டியல் நீளும். இவற்றில் ஒன்று உங்களுடையதாக இருந்தால், அதையே முதல் மூன்று மாதத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். தொழிலில் இப்படி ஒன்றும் இல்லாதவர்கள் நாவை எடுத்துக்கொள்ளலாம். யாக்கோபு நிருபத்தின் மூன்றாம் அதிகாரம் அதற்குப் போதும்.

அந்த ஒரு காரியத்தை ஒரு தாளில் எழுதுங்கள். அதன்கீழ், தீத்து 2:11-12ஐ எழுதுங்கள். தேவகிருபையானது நமக்குப் போதிக்கிறது என்று அங்கே சொல்லியிருக்கிறது. மன்னிப்பதோடு கிருபையின் வேலை முடிந்துவிட்டது என்று நினைக்கிறவர்கள் இந்த வசனத்தை வாசித்ததில்லை போலும். பிறகு, அந்தச் சூழ்நிலை வருவதற்கு முன்பே என்ன செய்வீர்கள் என்று முடிவுசெய்யுங்கள். எடை போடுகிறவரென்றால், நாளைக் காலையிலிருந்து எவ்வளவு கழிப்பது நியாயம் என்று இன்றிரவே எண்ணை எழுதிவிட வேண்டும். மூட்டைகள் வந்து வரிசையில் நிற்கும்போது யோசிப்பதற்கு நேரம் இராது. ஜெபமும் அதே அளவு குறிப்பாக இருக்கட்டும். "அதிக பயத்தோடும் நடுக்கத்தோடும் உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள்" என்று எழுதிய பவுல், அடுத்த வசனத்திலேயே, விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவர் தேவனே என்கிறார். ஆகவே "எனக்குப் பலம் தாரும்" என்பதோடு நில்லாமல், "இதைச் செய்யும் விருப்பத்தையே எனக்குள் உண்டாக்கும்" என்று கேட்கலாம். விருப்பமே இல்லாமல் தவிக்கிறவர்களுக்கு இந்த ஜெபம் மிகவும் உதவும்.

படி 6: விழுந்தால் அன்றே எழுந்திருங்கள்

விழுவீர்கள். நாள் கடத்தாதீர்கள், "நான்கு நாள் ஒழுங்காக இருந்துவிட்டு ஜெபிக்கிறேன்" என்பது மீண்டும் சம்பாதிக்கும் பழக்கம். 1 யோவான் 1:9இன்படி அன்றே அறிக்கையிடுங்கள். சொற்கள் வராதபோது சங்கீதம் 51ஐ வாசித்தால் போதும். எங்கள் திருவிருந்து ஆராதனையில் எல்லோரும் சேர்ந்து சொல்லும் பாவ அறிக்கையின்போது, உங்கள் காரியத்தை மனத்தில் பெயர் சொல்லி நினையுங்கள். கத்தோலிக்கருக்கு ஒப்புரவு அருட்சாதனம் இருக்கிறது. பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே நேரம் கேட்டுக்கொண்டால் கூட்டமில்லாத வேளையில் நிதானமாகப் பேசலாம்.

தேவனிடம் அறிக்கையிட்டதோடு மனிதரிடம் உள்ள கணக்கு தீர்ந்துவிடுவதில்லை. லேவியராகமம் 6ஆம் அதிகாரம், ஏமாற்றி வாங்கியதை முதலோடுகூட ஐந்தில் ஒரு பங்கு சேர்த்து உடையவனிடம் கொடுத்துவிடச் சொல்கிறது. யாரிடமிருந்து எடுத்தோம் என்றே தெரியாத நிலையில், அந்தத் தொகையை ஏழைகளுக்குக் கொடுத்துவிடுங்கள். ஆலயக் காணிக்கைப்பெட்டியில் போட்டுப் பெயர் வாங்கிக்கொள்ளாதீர்கள்.

குடியைப் பற்றிக் கேட்காத வகுப்பே இல்லை. குடிக்கு அடிமையானவருக்கு ஜெபத்தோடு மருத்துவமும் வேண்டும். அரசு மருத்துவமனைக்குப் போவது விசுவாசக் குறைவு ஆகாது. குடித்துவிட்டு வந்து அடிக்கும் கணவனிடமிருந்து தப்பி வரும் பெண்ணிடம், "கிருபையாய் மன்னித்து, வீட்டுக்குத் திரும்பிப் போ" என்று சபை மூப்பர்கள் சொல்வதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். மன்னிப்பு வேறு, அடிக்கிறவன் கையில் மீண்டும் ஒப்புக்கொடுப்பது வேறு. 181 என்ற பெண்கள் உதவி எண்ணை ஒவ்வொரு சபையின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டிவைக்கலாம்.

படி 7: விதிகளையும் உறவுகளையும் எடைபோடுங்கள்

சில சபைகளில் நகை, பூ, வெள்ளை உடை பற்றிய விதிகள் இருக்கின்றன. அங்கே சேர்ந்திருந்தால் அவற்றை மரியாதைக்காகக் கைக்கொள்ளலாம். ஆனால் அவற்றால் தேவன் உங்களை அதிகமாக நேசிக்கிறார் என்று நினைக்க வேண்டாம். "தொடாதே, ருசிபாராதே, தீண்டாதே" என்னும் கட்டளைகளைப் பற்றிக் கொலோசெயர் 2ஆம் அதிகாரத்தின் முடிவில் பவுல் எழுதுவதையும், போஜன விஷயத்தில் ஒருவரையொருவர் தீர்ப்புச் செய்யாதிருக்கும்படி ரோமர் 14இல் எழுதுவதையும் படியுங்கள். கிறிஸ்தவரல்லாத தாய்தந்தையர் வீட்டில் பண்டிகை வரும்போது என்ன செய்வது என்பதற்கு 1 கொரிந்தியர் 8 முதல் 10 வரையுள்ள அதிகாரங்கள் பொறுமையான வழிகாட்டி. பூசையில் சேராமல் இருப்பதும், தாய்தந்தையரை மதித்து, முகம் சுளிக்காமல் அவர்களோடு இருப்பதும் சேர்ந்தே நடக்கக்கூடியவை. ஹெத்தையம்மன் பண்டிகைக்கு ஊர் முழுவதும் கூடும் படுகர் கிராமத்தில், ஒரு புதிய விசுவாசி வீட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருப்பதைவிட, வந்த உறவினருக்கு உணவு பரிமாறுவதில் தம் சாட்சியைக் காத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து, மாறுபடுகிறவர்கள் இருப்பார்கள்.

ஆனால் ஒரு காரியத்தில் விட்டுக்கொடுக்க இடமில்லை. அந்தியோகியாவில், புறஜாதியாரோடு (யூதரல்லாதவரோடு) சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்தவுடனே பந்தியைவிட்டு விலகினார். பவுல் அதை ஒழுக்கக் குறைவு என்று விட்டுவிடாமல், சுவிசேஷத்தின் சத்தியத்திற்கேற்ற நடை அன்று என்று எல்லோர் முன்பாகவும் சொன்னார் என்பது கலாத்தியர் 2:11-14இல் இருக்கிறது. தகுதி பாராமல் எல்லோரையும் ஏற்றுக்கொண்ட கிருபையைச் சொல்லிக்கொண்டே, தகுதி பார்த்துப் பந்தி பிரிப்பது கிருபையையே மறுப்பதாகும். நம் மலைச் சபைகளில் படுகர் குடும்பங்களும், 1964ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களும், சமவெளியிலிருந்து வேலைக்கு வந்தவர்களும், பழங்குடியினரும் இருக்கிறார்கள். யார் வீட்டில் தேநீர் குடிக்கிறோம், யார் வீட்டுக் கூட்டத்துக்குப் போகாமல் சாக்குச் சொல்கிறோம், பிள்ளைகளின் திருமணப் பேச்சில் எந்தக் கேள்வியை முதலில் கேட்கிறோம் என்பவற்றைக் கொண்டு நம்மைச் சோதித்துப் பார்க்கலாம். நகையைப் பற்றி ஒரு மணி நேரம் பிரசங்கிக்கிறவர்கள் இதைப் பற்றி ஐந்து நிமிடம் பேசத் தயங்குவது எனக்கு விளங்குகிறது; நகையைக் கழற்றிவைப்பது எளிது.

படி 8: ஒருவரைத் துணையாகக் கொள்ளுங்கள்

தனியாக இந்தப் படிகளில் ஏற முடியாது. உங்களைவிட மூத்த விசுவாசி ஒருவரை, ஆணுக்கு ஆணும் பெண்ணுக்குப் பெண்ணுமாக, தேர்ந்துகொள்ளுங்கள். வாய் இறுகியவராக இருக்க வேண்டும். ஜெபக்குறிப்பு என்ற பெயரில் அடுத்தவர் கதையைக் கூட்டத்தில் சொல்கிறவரைத் தவிர்த்துவிடுங்கள். அவருடைய வீட்டார் அவரைப் பற்றி எப்படிப் பேசுகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். மாதம் ஒருமுறை சந்தித்தால் போதும். ஆயரோடு பேச விரும்பினால், ஒரே ஆயர் பல சபைகளைக் கவனிப்பதால், ஞாயிறு ஆராதனை முடிந்தவுடன் வாசலில் நின்று பேச முயன்றால் அவருக்கு அடுத்த ஆராதனைக்கான நேரமாகிவிடும். வாரநாளில் ஒரு மாலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். துணையாகக் கொண்டவரோடு முதற்சந்திப்பில் படி 5இல் எழுதிய தாளைக் கொண்டுபோய், அந்த ஒரு காரியத்தை மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள். மற்றவற்றை அடுத்த மாதத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.